பூஜ்ஜியம் காட்டிய ரூல்: ரவுட்டர் ஃபயர்வாலில் நான் பட்டது

2023 தீபாவளி முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். இன்டர்நெட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "மேடம், உங்க ஐபியிலருந்து வெளிய அட்டாக் டிராஃபிக் போகுதுன்னு கம்ப்ளைன்ட் வந்திருக்கு. நாளைக்குள்ள சரி பண்ணிருங்க, இல்லன்னா லைனை நிறுத்துற மாதிரி ஆயிரும்" என்றார் ஒரு பையன். ஏமாற்று போன் என்றுதான் முதலில் நினைத்தேன். பில்லில் இருந்த எண்ணுக்கு நானே திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். உண்மைதான் என்றார்கள். உங்களுக்கும் இப்படி வந்தால் இதையே செய்யுங்கள், அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்று ஒன்று இருக்கிறது. தீநிரல் தொற்றிய கருவிகளைப் பற்றிய தகவலை இன்டர்நெட் கம்பெனிகள் வழியாகத்தான் அவர்களும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறார்கள்.

நான் கணக்கு எழுதுகிறவள். மதுரை சிம்மக்கல்லில் மாடியில் ஆபீஸ், ஏழு கம்ப்யூட்டர், என்னோடு நாலு பெண்கள். கீழ மாசி வீதி மளிகை மொத்தக் கடைகளில் தொடங்கி திருமங்கலம் பக்கத்து அரிசி ஆலை வரைக்கும் சுமார் 140 பேருக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறோம். அடுத்த திங்கள்கிழமை 20-ம் தேதி. அக்டோபர் மாதத்து 3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு, தாக்கல் செய்யக் கடைசி நாள். அந்த வெள்ளிக்கிழமை 61 பேருடையது பாக்கி இருந்தது. அன்றிலிருந்து செவ்வாய்வரை நான் பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர், கேமரா மாட்டியவர், வீடியோ போடுகிறவர்கள் என்று ஆளுக்கொரு துண்டு சொன்னார்கள். ஒரு பாக்கெட், அதாவது இணையத்தில் போகிற தகவல் துண்டு, ரவுட்டருக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. சின்ன ஆபீஸ் வைத்துக்கொண்டு ரவுட்டரையும் தானே பார்த்துக்கொள்கிற ஒருவராவது இதைப் படித்துத் தப்பித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஜூன் மாதம்தான் கம்பெனி கொடுத்த ரவுட்டரை எடுத்துவிட்டு ஐந்து போர்ட் உள்ள ஒரு சின்ன மைக்ரோடிக் ரவுட்டர் வாங்கி வைத்தேன். லாத்வியா நாட்டுக் கம்பெனியின் பெட்டி. விலைக்கு மிஞ்சிய வசதிகள் உண்டு, ஆனால் நாமேதான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். டேலியை வெளியிலிருந்து பார்க்க வேண்டும், வீட்டிலிருந்து கேமராவைப் பார்க்க வேண்டும் என்று மாறாத முகவரியான ஸ்டாட்டிக் ஐபியும் வாங்கியிருந்தேன். ரவுட்டரோடு வந்த ஆரம்ப அமைப்பை அழித்துவிட்டு, ஒரு வீடியோவைப் பார்த்து எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்கிற ஃபில்டர் ரூல்களை ஒவ்வொன்றாக நானே எழுதினேன். எழுதி முடித்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆகஸ்டிலிருந்து இன்டர்நெட் மெதுவாகிக்கொண்டே வந்தது. போர்ட்டலில் ஒரு ஃபைல் ஏற்ற ஐந்து நிமிடம் சுற்றும். வேகம் போதவில்லை என்று நினைத்து மாதம் 700 ரூபாய் கூடுதலான திட்டத்துக்கு மாறினேன். மூன்று மாதத்தில் 2,100 ரூபாய் அப்படிப் போனது. கடைக்காரர் ஒருவர் வந்து ஒயர்களை மாற்றிவிட்டு 1,500 வாங்கிக்கொண்டார். ரவுட்டரின் சிபியு எத்தனை சதவீதத்தில் ஓடுகிறது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஏழு கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீஸில், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சிபியு 90-க்கு மேல் நின்றால் அது வேகக் குறைவு இல்லை, பெரும்பாலும் வேறு யாரோ உங்கள் ரவுட்டரில் வேலை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒரு எண்ணை ஆகஸ்டிலேயே பார்த்திருந்தால் மற்றதெல்லாம் நடந்தே இருக்காது.

வெள்ளி இரவு எல்லோரும் போனபிறகு உட்கார்ந்து தேடினேன். மைக்ரோடிக்கில் டார்ச் என்று ஒரு கருவி உண்டு. ஒரு இன்டர்ஃபேஸை, அதாவது ரவுட்டரில் பாக்கெட் வந்துபோகிற ஒரு வாசலை, காட்டிவிட்டால், அதன் வழியே யாரிடமிருந்து யாருக்கு என்ன போகிறது என்று ஓடவிட்டுக் காட்டும். வெளிப்பக்க லைனில் வைத்துப் பார்த்தேன். யுடிபி போர்ட் 53-ல் எங்கெங்கிருந்தோ கேள்விகள் வந்து குவிந்தன. போர்ட் என்பது சேவைக்குச் சேவை வேறுபடும் கதவு எண், யுடிபி, டிசிபி இரண்டும் பாக்கெட் அனுப்பும் முறைகள். 53 என்பது டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொடுத்தால் ஐபி எண் சொல்கிற சேவை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் பதில் சொல்லட்டும் என்று நான் திறந்துவைத்த அந்தச் சேவை ஊர் உலகத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இதில் அட்டாக் எங்கே வருகிறது என்றால், கேள்வி கேட்கிறவன் அனுப்புநர் முகவரியில் தன்னுடையதைப் போடாமல், தான் தாக்க நினைக்கிற ஆளின் முகவரியைப் போடுகிறான். சின்னக் கேள்வி என்னிடம் வருகிறது, பெரிய பதில் அந்த அப்பாவிக்குப் போகிறது. பதில் 28 முதல் 54 மடங்கு வரை பெருக்கலாம் என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று சொல்கிறது. மூன்று மாதமாக யார் யாரையோ தாக்குவதற்கு என் லைன் கூலியில்லாமல் உழைத்திருக்கிறது என்று தெரிந்தபோது மனசு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் நான் ரூல் போட்டிருந்தேனே! வெளியிலிருந்து ரவுட்டருக்கு வருவதை எல்லாம் தடு என்று தெளிவாக எழுதியிருந்தேன். அதில் உள்ளே வரும் இன்டர்ஃபேஸ் ஈத்தர் 1 என்று இருந்தது, வீடியோவில் அப்படித்தான் இருந்தது. அவர் வீட்டு லைனில் ஐபி முகவரி நேராக ஈத்தர் 1-லேயே கிடைக்கிறது. என்னுடையது யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணைகிற பிபிபிஓஇ லைன். ஒயர் ஈத்தர் 1-ல்தான் செருகியிருக்கிறது, ஆனால் இன்டர்நெட் பாக்கெட்டுகள் ரவுட்டரின் கண்ணுக்கு பிபிபிஓஇ-அவுட் 1 என்ற வேறொரு இன்டர்ஃபேஸ் வழியாக வருகின்றன. ஈத்தர் 1-ல் காவல் போட்டு எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பிபிபிஓஇ வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய் ரூலில் என்ன இன்டர்ஃபேஸ் இருக்கிறது என்று பாருங்கள். அதைவிட நல்லது, இன்டர்ஃபேஸ் லிஸ்டில் வான் (வெளிப்பக்கம்), லான் (ஆபீஸ் பக்கம்) என்று இரண்டு பட்டியல் வைத்து, பிபிபிஓஇ-யை வான் பட்டியலில் சேர்த்துவிட்டு, ரூலில் "லான் பட்டியலிலிருந்து வராத எதையும் தடு" என்று எழுதுவது. புதிதாக ஒரு லைன் வந்து அதைப் பட்டியலில் சேர்க்க மறந்தாலும் அது தடுக்கப்படும் பக்கமே நிற்கும்.

இதையெல்லாம் புரிந்துகொண்ட நிதானத்தில் அன்று இரவு நான் இல்லை. மணி பதினொன்று, மழை வேறு. பதற்றத்தில் இன்புட் செயின் என்ற ரூல் தொகுப்பில், இன்டர்ஃபேஸே குறிப்பிடாமல், எல்லாவற்றையும் தடு என்று ஒரு ரூலை எழுதி முதல் வரிசைக்கு இழுத்துவிட்டேன். அடுத்த நொடி, ரவுட்டரை அமைக்கப் பயன்படுத்துகிற வின்பாக்ஸ் புரோகிராம் உறைந்தது. நான் ரவுட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த இணைப்பையே அந்த ரூல் வெட்டிவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ் கேள்விகளும் ரவுட்டருக்குத்தானே வருகின்றன, அவையும் நின்றதால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. கடைசியில் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்து, விளக்கு மினுக்கியதும் விட்டேன். எல்லாம் அழிந்தது. அழிந்தபிறகுதான் பிபிபிஓஇ பாஸ்வேர்டை எங்கும் எழுதிவைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஆபீஸைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது யானைக்கல் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டி கொஞ்ச நேரம் அழுதேன்.

அன்று எனக்குத் தெரியாதது இரண்டு. ஒன்று, வின்பாக்ஸில் மேலேயே சேஃப் மோட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு ரூல் எழுதினால், நீங்கள் உங்களையே வெளியே தள்ளிக்கொண்டாலும், இணைப்பு அறுந்ததை ரவுட்டர் உணர்ந்து மாற்றங்களைத் தானே திருப்பிக்கொள்ளும். ஒன்பது நிமிடம்வரை ஆகலாம், பொறுமையாக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று பார்த்தபிறகு அதே பட்டனை மறுபடி அழுத்தினால்தான் மாற்றங்கள் நிலைக்கும். ஒரே மூச்சில் 100 மாற்றத்துக்கு மேல் செய்தால் சேஃப் மோட் தானே கழன்றுகொள்ளும், அதனால் நாலைந்து மாற்றத்துக்கு ஒருமுறை நிறுத்தி உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது, ஐபி வழியாக உள்ளே போக முடியாவிட்டாலும், அதே ஒயரில் இருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து வின்பாக்ஸில் நெய்பர்ஸ் பட்டியலைத் திறந்து, ஐபிக்குப் பதில் கருவிக்கே உரிய மேக் முகவரியைக் கிளிக் செய்தால் உள்ளே போய்விடலாம். ஐபி ஃபில்டர் ரூல்கள் அந்த வழியைத் தடுப்பதில்லை. ரீசெட்டே தேவைப்பட்டிருக்காது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு கம்பெனி கிளை திறக்கும்வரை வாசலில் நின்றேன். ஆதார் நகல், பழைய பில் எல்லாம் காட்டி பாஸ்வேர்ட் வாங்க மதியம் ஆனது. அவர்களுடைய ஆள் வந்து குவிக் செட் பக்கத்தில் பிபிபிஓஇ-யைப் போட்டுக்கொடுத்தார். இந்தமுறை ரவுட்டரோடு வருகிற ஆரம்ப ரூல்களை அழிக்காமல் விட்டேன். அவை நன்றாகவே எழுதப்பட்டவை, என் வீடியோ ரூல்களைவிட எவ்வளவோ மேல். 53-ல் வந்த கூட்டம் அப்படியே நின்றது. மூன்று மணிக்கு வேலை ஆரம்பித்தோம். கம்பெனிக்கும் சரி செய்துவிட்டேன் என்று மெயில் போட்டேன். இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ரீசெட்டில் கேமராவின் பதிவுப் பெட்டியான டிவிஆருக்கு இருந்த போர்ட் ஃபார்வர்டிங்கும், அதாவது வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் ரூலும், போயிருந்தது. மாட்டிக்கொடுத்தவரைக் கூப்பிட்டேன். ரிமோட்டில் வந்து ஐந்து நிமிடத்தில் போட்டுக்கொடுத்தார். "அக்கா, எந்தப் போர்ட்னு தேடிக்கிட்டு இருக்க வேணாம், எல்லாத்தையும் டிவிஆருக்குத் திருப்பி விட்டுட்டேன். மொபைல்ல பாருங்க, வருதா?" என்றார். வந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வெளியிலிருந்து வரும் டிசிபி போர்ட் அனைத்தும் டிவிஆருக்கு என்று ஒரே ரூல். டிவிஆரின் பாஸ்வேர்ட் வாங்கிய அன்று இருந்ததே. ஆரம்ப ரூல்கள் இருக்கின்றனவே, காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். காப்பாற்றாது. ஃபார்வர்டு செயின் என்ற இன்னொரு தொகுப்பின் கடைசியில் இருக்கும் ஆரம்ப ரூல், "வெளியிலிருந்து வருவதில், போர்ட் ஃபார்வர்டிங் செய்யப்படாததை மட்டும் தடு" என்று சொல்கிறது. நீங்களே ஒன்றை உள்ளே திருப்பிவிட்டால், தெரிந்துதான் செய்கிறீர்கள் என்று ரவுட்டர் வழிவிட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸைத் திறந்தோம். மத்தியானம் மறுபடி அதே மந்தம். டார்ச்சைப் போட்டுப் பார்த்தால் இந்தத் தடவை டிவிஆரின் முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான வெளி முகவரிகளுக்கு, போர்ட் 23, போர்ட் 2323. இரண்டும், தூரத்திலிருந்து ஒரு கருவிக்குள் நுழைகிற பழைய வழியான டெல்நெட்டுக்குப் பயன்படுகிறவை. 2016-ல் மிராய் என்ற தீநிரல் செய்ததும் இதேதான். கேமரா, டிவிஆர், ரவுட்டர் போன்ற பெட்டிகளை டெல்நெட்டில் தட்டி, தயாராக வைத்திருந்த 60-க்கும் மேற்பட்ட ஆரம்ப பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்து, திறந்ததில் ஏறிக்கொண்டு, அங்கிருந்து அடுத்ததைத் தேடும். அந்த வருஷம் அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் கம்பெனியைத் தாக்கி பெரிய பெரிய தளங்களை எல்லாம் முடக்கியது அதுதான். அதன் நிரல் வெளியிடப்பட்டுவிட்டதால் அதே வம்சத்தில் நிறைய வந்துவிட்டன. ஒரே இரவில் என் டிவிஆர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது.

அப்போதே எழுந்துபோய் டிவிஆரின் நெட்வொர்க் ஒயரைக் கழற்றியிருக்க வேண்டும். கேமரா பதிவு நிற்காது, வெளியிலிருந்து பார்ப்பது மட்டும்தான் போகும். ஆனால் எனக்கு ரூல் எழுதத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. டிவிஆரின் முகவரியிலிருந்து வருவதைத் தடு என்று ஒரு ரூல் எழுதினேன். சேஃப் மோட் போட்டேன், முகவரியை இரண்டு முறை சரிபார்த்தேன். எந்தத் தவறும் காட்டவில்லை. மனசு லேசாகி 38 பேருடைய வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். அந்த ரூலை இன்புட் செயினில் எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை, 20-ம் தேதி, காலை பதினொன்று பத்துக்கு லைன் நின்றது. பிபிபிஓஇ இணைந்ததாகத்தான் காட்டியது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. கூப்பிட்டால், இரண்டாவது புகார், டெல்நெட் ஸ்கேன், தொழில்நுட்பப் பிரிவு பார்த்துத்தான் திறந்துவிடும் என்றார்கள். அப்போது 31 பேருடையது பாக்கி. நாலு போனில் ஹாட்ஸ்பாட் போட்டோம், டேட்டா தீரத் தீர ரீசார்ஜ் செய்தோம், அதில் 600 ரூபாய்க்கு மேல். கடைசி நாள் கூட்டத்தில் போர்ட்டல் தவழ்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஓடிபி அவரவர் போனுக்குப் போகும், கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டு வாங்குவதற்குள் காலாவதியாகிவிடும். என்னோடு வேலை பார்க்கும் பெண்களில் ஒருத்தி ராத்திரி பதினொன்றரைவரை வீட்டுக்குப் போகவில்லை, அவள் கணவர் கீழே வண்டியோடு காத்திருந்தார். அவர்களுக்கு நான் என்ன சொல்வது. நள்ளிரவில் ஒன்பது பேருடையது நின்றுபோனது.

அவர்களை அனுப்பிவிட்டு, கப்பலூரில் ஒரு மில்லில் நெட்வொர்க் பார்க்கிற சித்தி மகனுக்குப் போன் போட்டேன். நைட் ஷிஃப்டில் இருப்பான் என்று தெரியும். முன்னாலேயே கூப்பிட்டிருக்கலாம், இதற்கெல்லாமா தொந்தரவு செய்வது என்று கூச்சப்பட்டது என் தப்பு. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, அந்த ரூலுக்கு நேரா வலது பக்கம் பாருங்க. பாக்கெட்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும். எவ்வளவு ஓடியிருக்கு?"

பூஜ்ஜியம். ஒரு நாள் முழுக்க டிவிஆர் லட்சக்கணக்கில் பாக்கெட்டுகளை வெளியே தள்ளியிருக்கிறது, என் ரூலில் ஒன்றுகூடப் படவில்லை.

"டிவிஆர் உங்க ரவுட்டர்கிட்டயா பேசுது? ரவுட்டர் வழியா வெளியதான போகுது?" என்றான். அப்போதுதான் பளிச்சென்று புரிந்தது. எனக்கு நானே சொல்லிக்கொள்கிற மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். திருச்சியிலிருந்து திருநெல்வேலி போகிற லாரி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குள் வராது, ரிங் ரோட்டில் ஏறிப் போய்விடும். மாட்டுத்தாவணி வாசலில் எத்தனை பேரை நிறுத்தினாலும் அந்த லாரி அவர்கள் கண்ணில் படாது. இன்புட் செயின் என்பது ரவுட்டரே சேருமிடமாக வருகிற பாக்கெட்டுக்கு: வின்பாக்ஸ், ரவுட்டரிடம் கேட்கிற டிஎன்எஸ், ரவுட்டரைப் பிங் செய்வது. ஃபார்வர்டு செயின் என்பது ரவுட்டரைக் கடந்துபோகிற பாக்கெட்டுக்கு: ஆபீஸ் கம்ப்யூட்டர் போர்ட்டலுக்குப் போவது, வெளியாள் போர்ட் ஃபார்வர்டிங் வழியாக டிவிஆருக்கு வருவது, டிவிஆர் வெளியே ஸ்கேன் செய்வது. அவுட்புட் என்பது ரவுட்டர் தானே கிளப்புகிறது. ஒரு பாக்கெட் முதல் இரண்டில் ஒன்றில்தான் வரும், இரண்டிலும் வராது. எழுதுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பாக்கெட் ரவுட்டரில் முடிகிறதா, கடந்துபோகிறதா?

ரூலை ஃபார்வர்டுக்கு மாற்றினேன். கவுண்டர் ஓட ஆரம்பித்தது. ஃபிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள் பதினோராயிரம். அந்த எண் ஏறுவதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை என்னால் சொல்லி முடியாது. ஆனாலும் கனெக்‌ஷன் பட்டியலில் டிவிஆரின் பெயரில் ஒரு இணைப்பு அப்படியே நின்றது. அதையும் அவன்தான் விளக்கினான். ரூல்கள் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும், பொருந்துகிற முதல் ரூலோடு பேச்சு முடிந்துவிடும். ஏற்கெனவே நிலைத்த இணைப்புகளை அனுமதி என்ற ரூலும், அவற்றை வேகமாகத் தள்ளிவிடுகிற ஃபாஸ்ட் டிராக் ரூலும் மேலே இருந்தன. என் ரூல் அவற்றுக்குக் கீழே. புதிய இணைப்புகளைத் தடுக்கும், பழையதைத் தொடாது. மேலே தூக்கி வைத்தாலும், ஃபாஸ்ட் டிராக்கில் ஏறிவிட்ட இணைப்பு ஃபில்டர் பக்கமே வராது. டிசிபி இணைப்பு நிலைத்துவிட்டால் ஒரு பாக்கெட்கூட இல்லாமலே ஒரு நாள்வரை அந்தப் பட்டியலில் இருக்கும், மைக்ரோடிக்கில் ஆரம்ப அளவு அதுதான். ஆகவே ஒரு கருவியை அடைக்கும்போது ரூலை எழுதி, மேலே வைத்து, கனெக்‌ஷன் பட்டியலில் அந்தக் கருவியின் பழைய இணைப்புகளையும் கையால் அழிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னான். போர்ட் ஃபார்வர்டிங் செய்கிற முகவரி மாற்றம் முதலில் நடந்துவிடும், அதற்குப் பிறகுதான் ஃபில்டர். வெளியே 8000 என்று திறந்து உள்ளே டிவிஆரின் 80-க்குத் திருப்பினால், ஃபார்வர்டு ரூலில் 80 என்றும் டிவிஆரின் உள் முகவரி என்றும்தான் எழுத வேண்டும். 8000 என்று எழுதினால் அதுவும் பூஜ்ஜியத்திலேயே நிற்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் லைன் வந்தது. மீதி ஒன்பதையும் தாக்கல் செய்தோம். தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய், மத்தியத்துக்கு 25, மாநிலத்துக்கு 25. ஒன்பது பேருக்கு 450 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு வருஷம் 18 சதவீத வட்டியில் ஒரு நாள் வட்டி. பணமாகப் பார்த்தால் சின்னத் தொகைதான், நானே கொடுத்தேன். ஆனால் அடுத்த மாதம் 3பி திறக்கும்போது அந்த 50 ரூபாய் அவர்கள் கணக்கில் வந்து நிற்கும். தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடை ஐயா, பதினோரு வருஷமாக எங்களிடம் இருந்தவர், "ஒரு நாள்கூட லேட்டானதில்லையேம்மா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். ஜனவரியில் கணக்கு நோட்டுகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவரும் போனார். இரண்டு பேர் மாதக் கட்டணம் சேர்த்து வருஷத்துக்கு 42,000. அதைவிட அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது என் ரவுட்டரில் இருப்பதைச் சொல்கிறேன். இன்புட்டில் முதலில் நிலைத்த, தொடர்புடைய இணைப்புகளை அனுமதி, அடுத்து செல்லாத பாக்கெட்டைத் தள்ளு, அடுத்து ஐசிஎம்பி-யை (பிங் போன்ற தகவல் செய்திகளை) அனுமதி, கடைசியில் லானிலிருந்து வராத எதையும் தள்ளு. ஐசிஎம்பி-யை முழுக்க அடைத்தால் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ளலாம் என்று அந்த வீடியோவில் சொன்னார்கள். அதைக் கேட்காதீர்கள். பிபிபிஓஇ லைனில் ஒரு பாக்கெட்டின் அளவு வழக்கமான 1500 இல்லை, 1492. பாக்கெட் பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு என்று வழியிலிருக்கும் ரவுட்டர்கள் ஐசிஎம்பி மூலம்தான் சொல்கின்றன. அதை அடைத்தால் சில தளங்கள் பாதி திறந்து நிற்கும், காரணமே பிடிபடாது. புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6 பக்கம் அடைத்தால் லைனே ஓடாது. ஐபிவி6 என்றதும் ஞாபகம் வருகிறது: அதற்கு ஃபில்டர் பட்டியல் தனி. ஐபிவி4-ல் எழுதிய எதுவும் அங்கே செல்லாது. கம்பெனி ஐபிவி6 கொடுத்திருந்தால் அங்கேயும் ரூல்கள் இருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள்.

ஃபார்வர்டில் டிவிஆரின் முகவரியிலிருந்து வெளியே போவதைத் தள்ளு என்பது முதல் ரூல், மற்றவை ஆரம்பத்தில் வந்தபடியே. போர்ட் ஃபார்வர்டிங் ஒன்றுகூட இல்லை. டேலியும் கேமராவும் ஒயர்கார்டு என்ற பாதுகாப்பான தனிவழி (விபிஎன்) மூலமாகத்தான். ரவுட்டர் ஓஎஸ் 7-ம் பதிப்பில் அது கூடவே வருகிறது. அதற்கு யுடிபி 13231 போர்ட்டை இன்புட்டில் கடைசி ரூலுக்கு மேலே அனுமதித்திருக்கிறேன், இது ரவுட்டரிலேயே முடிகிற இணைப்பு என்பதால் இன்புட்டில். டிவிஆரை மின்சாரத்தை நிறுத்திப் போட்டதும் ஸ்கேன் நின்றது. இந்த வகைத் தீநிரல்கள் பெரும்பாலும் நினைவகத்தில்தான் இருக்கும், நிறுத்தினால் போய்விடும், ஆனால் வாசல் திறந்தே இருந்தால் சில நிமிடத்தில் திரும்ப வரும். அதனால் முதலில் வாசலை அடைத்து, அப்புறம் நிறுத்திப் போட்டு, பாஸ்வேர்டை மாற்றினேன். ரவுட்டரின் சாஃப்ட்வேரையும் மாதாமாதம் பார்த்துப் புதுப்பிக்கிறேன். 2018-ல் வின்பாக்ஸ் போர்ட் 8291-ல் ஒரு ஓட்டை வெளியாகி, சரி செய்த பதிப்பு ஏப்ரலிலேயே வந்தும், புதுப்பிக்காத ரவுட்டர்கள் வருஷக்கணக்கில் தாக்குகிறவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அமைப்பு முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வைக்கிறேன். 7-ம் பதிப்பில் எக்ஸ்போர்ட் பாஸ்வேர்டுகளைத் தானே விட்டுவிடும், ஷோ-சென்சிட்டிவ் என்று சேர்த்தால்தான் எழுதும். சேர்த்து எடுத்தால் அந்த ஃபைலைப் பீரோவில் வையுங்கள். பிபிபிஓஇ பாஸ்வேர்ட் ஒரு தாளிலும் எழுதி ஆபீஸ் பத்திரத்தோடு இருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் 21-ம் தேதி காலையில், தாக்கல் எல்லாம் முடிந்த மறுநாள், எல்லா ரூலின் கவுண்டரையும் ஒருமுறை பார்க்கிறேன். ஓட வேண்டியது ஓடியிருக்கிறதா, ஓடக்கூடாதது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு பூஜ்ஜியமாக்கிவிடுவேன். பத்து நிமிட வேலை. போன மாதம் டிவிஆர் ரூலுக்கு நேரே 14 என்று இருந்தது. நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது. அந்த ரூலில் லாக் போட்டு இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். எல்லாம் யுடிபி 123, மணி சரிதானா என்று டிவிஆர் வெளியே கேட்கிற கேள்வி. ரவுட்டரிலேயே நேரம் சொல்கிற சேவையைப் போட்டு, டிவிஆருக்கு அந்த முகவரியைக் கொடுத்துவிட்டேன். இந்த மாதம் பார்த்தேன். பூஜ்ஜியம், டிவிஆரில் மணியும் சரியாக இருந்தது.